நோட்டுப் புத்தகத்தில் தொடங்குங்கள்: புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமை ஆசிரியருக்கு

ஜூன் மாதம், பள்ளி திறக்கும் வாரம். பதவி உயர்வில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு வந்திருக்கிறீர்கள். பீரோ சாவி, ரொக்கப் புத்தகம், சத்துணவு இருப்புப் பதிவேடு, எமிஸ் (பள்ளி விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) கடவுச்சொல் எல்லாவற்றையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்திருப்பார்கள். எத்தனை பெஞ்சு, எத்தனை மின்விசிறி, அதில் எத்தனை சுற்றும் என்பதற்குக்கூடக் கணக்கு இருக்கும். இந்தப் பள்ளிக்கு என்ன தெரியும் என்பதற்கு மட்டும் கணக்கு இருக்காது.

பள்ளிக்கு என்ன தெரியும் என்று நான் கேட்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஒரு சின்ன சம்பவம் சொல்கிறேன். நான் இடைநிலை ஆசிரியராக இருந்த ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஒரு டீச்சர் இருந்தார். எண்களைச் சொல்லி எழுதச் சொன்னால் ‘தொண்ணூற்று மூன்று’ என்பதைக் குழந்தைகள் 103 என்று எழுதுவது ஏன் என்று அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். இருபது, முப்பது, எண்பது எல்லாம் ‘பது’ என்று முடிகின்றன. ஒன்பது பத்து மட்டும் தொண்ணூறு. குழந்தையின் காதில் அதில் ‘நூறு’ விழுகிறது. அதேபோல் தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ விழுகிறது, 905 என்பது 1005 ஆகிவிடுகிறது. தவறு குழந்தையுடையது இல்லை, நம் மொழி வைத்திருக்கும் கண்ணி அது. டீச்சர் பத்துப் பத்து மணிகளாகக் கோத்த ஒன்பது சரங்களைப் பலகையில் மாட்டாமல் அந்தச் சொல்லையே சொல்ல மாட்டார். சரத்தைத் தொட்டு எண்ணிய பிறகுதான் பெயர். அவர் வகுப்பில் 103 காணாமல் போனது.

மே மாத மாறுதல் கலந்தாய்வில் அவருக்குச் சொந்த ஊர்ப் பக்கம் இடம் கிடைத்தது. போய்விட்டார். ஆகஸ்டில் 103 திரும்பி வந்தது. ஆசிரியருக்குத் தெரிந்தது பள்ளிக்குத் தெரியவில்லை. அவரோடு சேர்ந்து அதுவும் பஸ் ஏறிவிட்டது.

நிர்வாகவியலில் ‘கற்கும் அமைப்பு’ என்ற சொல் 1990 வாக்கில் பரவலானது, முதலில் கம்பெனிகளுக்காக. பிறகு பள்ளிகளுக்கும் வந்தது. வேல்ஸ் நாடு அதை அரசுக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. அந்த ஆவணங்களில் பகிரப்பட்ட தொலைநோக்கு, கூட்டுக் கற்றல் என்றெல்லாம் பட்டியல் நீளும். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்து ஆசிரியர்களும் எட்டு வகுப்புகளும் உள்ள ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் திங்கட்கிழமை காலையில் அதை வைத்து என்ன செய்வது? என் அளவில் அதன் பொருள் இதுதான்: ஒரு ஆசிரியர் கண்டுபிடித்தது அடுத்த அறைக்குப் போக வேண்டும், அவர் மாறுதலில் போன பிறகும் அங்கே இருக்க வேண்டும். கீழே சொல்வது அதற்கான வழி. எனக்குப் பலித்தவற்றையும் கையைச் சுட்டுக்கொண்டவற்றையும் கலந்தே எழுதுகிறேன்.

முதல் மாதம்: எதையும் மாற்றாதீர்கள்

புதிதாக வந்தவுடன் காலை வணக்கக் கூட்டத்தின் நேரத்தை மாற்றுவது, வகுப்பறைகளை இடம் மாற்றுவது, புதுப் பதிவேடு போடுவது என்று கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மாற்றும் ஒவ்வொன்றும் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு அறிவை அழித்துவிடக்கூடும். அந்த ஓட்டை பெஞ்சு ஏன் ஜன்னலோரம் கிடக்கிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்கும்; மழை வந்தால் தெரியும்.

இந்த மாதம் இரண்டு வேலை மட்டும். ஒன்று, ஒவ்வொரு ஆசிரியரிடமும் தனியாகப் பத்து நிமிடம் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “உங்க பாடத்துல பிள்ளைங்க வருஷா வருஷம் எங்க மாட்டிக்கிறாங்க?” தேர்ச்சி சதவீதத்தைக் கேட்காதீர்கள். அதைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும், ஆனால் பயன் இருக்காது. மாட்டிக்கொள்ளும் இடத்தைக் கேட்டால் முதலில் கொஞ்சம் யோசிப்பார்கள். பிறகு நிறுத்த மாட்டார்கள்.

இரண்டு, வகுப்புக்கு நான்கைந்து நோட்டுகளை எடுத்துப் பாருங்கள். திருத்தியிருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க அல்ல. அந்தப் பார்வைக்கு வேறு அதிகாரிகள் இருக்கிறார்கள். பிள்ளைகள் எப்படித் தவறியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக. முதல் பெஞ்சு நோட்டு, கடைசி பெஞ்சு நோட்டு, அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளையின் நோட்டு மூன்றும் அதில் இருக்கட்டும்.

வாசிப்பில் பள்ளி எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் அதற்கும் எளிய வழி உண்டு. 2005 முதல் நடந்துவரும் ‘ஏசர்’ (ASER) என்ற கிராமப்புறக் கல்வி நிலை ஆய்வில் எழுத்து, சொல், எளிய பத்தி, சிறுகதை என்ற வரிசையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு குழந்தையை வாசிக்கச் சொல்வார்கள். ஒரு குழந்தைக்குச் சில நிமிடங்கள்தான். ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகள் ஏற்கெனவே உங்கள் பள்ளியில் இருக்கும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில்தான் வாசிப்புத் திணறல் எளிதில் கண்ணில் படாது. அங்கே பாருங்கள். ஏழாம் வகுப்பில் பத்தி வாசிக்கத் திணறும் பிள்ளை ஒன்றாவது இருக்கும், அது அறிவியல் பாடத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

நேரம் எங்கே கிடைக்கும்?

ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார நேரமில்லை என்பதுதான் எல்லாப் பள்ளியிலும் முதல் பதில். பொய்யில்லை. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று சொல்லும்போது, பாடத் தயாரிப்பு நேரமும் சேர்த்து என்றுதான் சொல்கிறது. தயாரிப்பும் வேலைதான், வீட்டில் இரவில் செய்யும் தருமம் இல்லை.

சாயங்காலம் மணி அடித்த பிறகு கூட்டம் வைக்காதீர்கள். நாலரை மணி பஸ்ஸை விட்டால் ஆறு மணி பஸ்தான் என்றிருக்கும் டீச்சரின் காது உங்கள் பேச்சில் இருக்காது, ஹாரன் சத்தத்தில் இருக்கும். மதிய உணவு இடைவேளையும் வேண்டாம்.

எனக்கு ஒத்துவந்தது இது. வழக்கமான ஸ்டாஃப் மீட்டிங்கில் பாதி நேரம் சுற்றறிக்கை வாசிப்பதில் போகும். அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கத் தெரிந்தவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. மிச்சமாகும் நாற்பது நிமிடத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே பாட வேளையில் நிலையாக வையுங்கள். அந்த நேரத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சின்ன வகுப்புகளுக்குக் கதை வாசித்துக் காட்டட்டும். ஒரு ஆசிரியர் கட்டாயம் அவர்களோடு இருக்க வேண்டும். முறை வைத்து மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு ஆசிரியர்கள் எல்லோரும் ஒரு அறையில் கூடினால், ஒருநாள் யாராவது மரத்திலிருந்து விழுவார்கள், அதோடு உங்கள் முயற்சியும் விழுந்துவிடும்.

ஐந்து நோட்டும் ஒரு மேசையும்

இனிதான் முக்கியமான வேலை. முதல் கூட்டத்துக்கு ஐந்து நோட்டுகளைக் கொண்டுவாருங்கள். பெயர் தெரியாமல் அட்டையை மூடிவிடுங்கள். ஒரே தவறு உள்ள பக்கங்களாகத் தேர்ந்தெடுங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: “இந்தப் பிள்ளை என்ன நினைச்சு இப்படி எழுதியிருக்கும்?”

உதாரணத்துக்கு 52 - 27 = 35 என்று எழுதியிருக்கிறது. அவசரத்தில் போட்டது, கவனமில்லை என்று சொல்லிவிடத் தோன்றும். உற்றுப் பாருங்கள். ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. அடுத்தது இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று நாம்தான் ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தோம். பிள்ளை அதை விசுவாசமாகக் கடைப்பிடித்திருக்கிறது. அதே நோட்டில் இன்னும் நான்கு கணக்கு இதே மாதிரி தவறியிருந்தால் அது கவனக்குறைவு இல்லை, ஒரு விதி. விதியை மாற்ற வேண்டுமானால் மறுபடி பத்துக் கணக்கு கொடுத்துப் பயனில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, ஆறாம் வகுப்பில் 0.15, 0.2 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் 0.15 என்று எழுதுவார்கள். இரண்டைவிடப் பதினைந்து பெரிசுதானே? இந்தக் குழப்பத்துக்கு ஆசிரியர்களும் கொஞ்சம் காரணம். ‘பூஜ்ஜியம் புள்ளி ஒன்று ஐந்து’ என்று சொல்ல வேண்டியதைப் ‘புள்ளி பதினைந்து’ என்று சொல்லிவிடுகிறோம். நான் இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது பட்டதாரி ஆசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே, “நான் நேத்துகூட அப்படித்தான் சார் சொன்னேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் ஒரு வருடம் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. மேலதிகாரிக்கு முன்னால் தன் தவறைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிற இடம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தமிழிலும் இதே கதைதான். ‘கெ’ எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, ஆனால் ஒலிக்கும்போது க் முதலில், எ அப்புறம். ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். எழுத்தைக் காதால் கேட்டு எழுதும் பிள்ளை ‘கொடை’ என்பதில் கொம்பை விட்டுவிட்டுக் ‘காடை’ என்று எழுதினால், அதற்கு எழுத்து தெரியவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. அது வலப் பக்கக் குறியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரகர றகரப் பிழையோ வேறு வகை. அது பெரும்பாலும் காது சம்பந்தப்பட்டது, ஏனென்றால் நம் பேச்சிலேயே அந்த வித்தியாசம் பல ஊர்களில் போய்விட்டது. இரண்டையும் ஒரே சிவப்பு மையால் வட்டம் போட்டு ‘பிழை’ என்று எழுதுகிறோம். வட்டம் ஒன்றுபோல் இருக்கலாம், மருந்து வேறு வேறு.

கூட்டம் முடியும்போது ஒரே ஒரு முடிவு எடுங்கள்: அடுத்த இரண்டு வாரத்தில் யார், எந்த வகுப்பில், எதை மாற்றிச் செய்து பார்க்கப் போகிறார்கள். அடுத்த கூட்டம் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தச் சங்கிலி அறுந்தால் கூட்டம் வெறும் டீயும் பிஸ்கட்டும்தான்.

ஒரு பாடத்தைச் சேர்ந்து செய்வது

நோட்டுக் கூட்டம் மூன்று நான்கு நடந்து, ஆசிரியர்களுக்குப் பேச்சு பழகிய பிறகு இந்தப் படிக்கு வாருங்கள். ஆகஸ்டுக்கு முன் வேண்டாம்.

ஜப்பானில் இதற்கு ‘ஜுக்யோ கென்க்யூ’ என்று பெயர், பாட ஆய்வு என்று சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெய்ஜி காலத்தில் வேரூன்றிய வழக்கம். வெளிநாட்டுக்காரர்கள் இதைக் கவனிக்க 1990களின் கடைசி வரை ஆனது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாட வேளையைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்ப்பார்கள், முடிந்ததும் பேசுவார்கள், தேவைப்பட்டால் திருத்தி இன்னொரு வகுப்பில் நடத்துவார்கள். அவ்வளவுதான். இதற்குப் பணமும் வேண்டாம், புரொஜெக்டரும் வேண்டாம். வேண்டியது கொஞ்சம் துணிச்சல், அதுவும் முதலில் உங்களுக்கு.

ஏனென்றால் முதல் பாடத்தை நீங்கள்தான் எடுக்க வேண்டும். வேறு யாரையாவது எடுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் நோட்டோடு பின்னால் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் பாட ஆய்வு இல்லை, இன்ஸ்பெக்‌ஷன்.

நான் எடுத்த முதல் பாடம் ஐந்தாம் வகுப்புப் பின்னம். கால், அரை, முக்கால் எல்லாம் நம் பிள்ளைகளுக்குக் கடையிலிருந்தே தெரியும். கால் கிலோ சர்க்கரை வாங்காத பிள்ளை உண்டா? ஆனால் மூன்றில் ஒரு பங்கை யாரும் கடையில் கேட்பதில்லை. அங்கேதான் தடுக்கும் என்று சேர்ந்து பேசி, கடலை மிட்டாய்ப் பட்டையை இரண்டாக, மூன்றாக, நான்காக வெட்டி ஒப்பிடுவது என்று திட்டமிட்டோம். வகுப்பு அருமையாகப் போனது என்று நினைத்தேன். எல்லோரும் கை தூக்கினார்கள், மூன்றில் ஒன்று காலைவிடப் பெரிசு என்று கோரஸாகச் சொன்னார்கள்.

பிறகு உட்கார்ந்து பேசும்போது, மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் தன் குறிப்பை வாசித்தார். ஒரு பெண் பக்கத்துப் பிள்ளையிடம் மெல்லிய குரலில் கேட்டிருக்கிறாள்: “பெரிய மிட்டாயில கால் பெரிசா, சின்ன மிட்டாயில அரை பெரிசா?” பின்னத்தின் மொத்தப் பாடமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. முழுமை எது என்று சொல்லாமல் பங்கை ஒப்பிட முடியாது. பலகைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு அது கேட்கவே இல்லை. கை தூக்கியவர்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வகுப்பை அந்தப் பெண்ணின் கேள்வியிலிருந்தே தொடங்கினோம், இரண்டு அளவு மிட்டாயோடு. (மிட்டாய்ச் செலவு என்னுடையது. எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவது என்று கடைசிவரை தெரியவில்லை.)

இனி நடைமுறை. பார்வையாளர்கள் இரண்டு பேர் போதும். ஐந்து பேர் உள்ளே வந்தால் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். கடைசி பெஞ்சில் உட்கார வேண்டாம், அங்கிருந்து தெரிவது முதுகுகள்தான். ஒவ்வொருவரும் மூன்று நான்கு பிள்ளைகளை மட்டும் பங்கிட்டுக்கொண்டு பக்கவாட்டில் அமருங்கள். பிள்ளை என்ன சொன்னது, எதை எழுதி அழித்தது, எந்த நிமிடத்தில் ஜன்னலைப் பார்க்கத் தொடங்கியது என்று எழுதுங்கள். உதவி செய்யக் கூடாது. இதுதான் ஆசிரியர்களுக்கு மிகவும் கஷ்டம். தவறாக எழுதும் கையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நமக்கு வராது. பலகையை நடுவில் அழிக்காமல் பாடம் முடியும்வரை வைத்திருக்கப் பாருங்கள். ஜப்பானிய ஆசிரியர்கள் இதில் கெட்டிக்காரர்கள். வகுப்பின் முழு யோசனையும் ஒரே பலகையில் இடமிருந்து வலமாக இருக்கும், கடைசியில் போனில் ஒரு படம் எடுத்தால் போதும்.

பேச்சில் நடத்தியவர் முதலில் பேசட்டும். மற்றவர்கள் பிள்ளைகளைப் பற்றிய குறிப்பை மட்டும் சொல்லட்டும். ‘நல்லா எடுத்தீங்க சார்’ என்ற வாக்கியத்தைத் தடை செய்துவிடுங்கள். திட்டுவதைப் போலவே பாராட்டும் பேச்சை முடித்துவிடுகிறது. ‘உங்க பாடம்’ என்று சொல்லாமல் ‘நம்ம பாடம்’ என்று சொல்லப் பழக்குங்கள். எல்லோரும் சேர்ந்து திட்டமிட்டதால் அது உண்மையும்கூட.

வருடத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஒவ்வொரு மாதமும் செய்யலாமே என்று யாராவது உற்சாகமாகச் சொல்வார்கள். வேண்டாம். உற்சாகத்தில் ஆரம்பித்து டிசம்பரில் அரையாண்டுத் தேர்வோடு நின்றுபோனவை எனக்குத் தெரிந்து நிறைய.

பார்ப்பதும் மதிப்பிடுவதும்

தலைமை ஆசிரியருக்கு வகுப்பறைக் கூர்நோக்கு என்ற கடமை இருக்கிறது, அதற்குப் பதிவு உண்டு. அதைச் செய்யுங்கள். ஆனால் பாட ஆய்வின் குறிப்பில் ஒரு வரிகூட அந்தப் பதிவுக்குள் போகக் கூடாது. ஒரு தடவை போனால் போதும், அடுத்த தடவை எல்லாப் பாடமும் ஒத்திகை பார்த்த நாடகமாகிவிடும். பிள்ளைகளுக்குக்கூட வசனம் கொடுத்திருப்பார்கள். நான் இதைச் செய்திருக்கிறேன், வெட்கத்தோடுதான் சொல்கிறேன். மேலே இருந்து விவரம் கேட்டார்கள், கையில் இருந்த குறிப்பைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பள்ளியில் நான் இருந்தவரை அந்த ஆசிரியர் மறுபடி கதவைத் திறக்கவில்லை.

ஏடு ஒன்று, பக்கம் ஒன்று

சரி, தெரிந்துகொண்டதை எங்கே வைப்பது? ஒரு நீள நோட்டு வாங்குங்கள். அலுவலகப் பதிவேடு மாதிரி கட்டம் போடாதீர்கள். ஒரு விஷயத்துக்கு ஒரு பக்கம்: எந்த வகுப்பு, எந்தப் பாடம், பிள்ளைகள் எங்கே மாட்டினார்கள், என்ன நினைத்து அப்படிச் செய்தார்கள், எதைச் செய்து பார்த்தோம், பலித்ததா. பலிக்காததையும் எழுத வேண்டும், அடுத்த ஆள் அதே சுவரில் முட்டிக்கொள்ளாமல் இருக்க. பலகைப் படத்தை அச்செடுத்து ஒட்டலாம். ஐந்து நிமிட வேலை. அதற்கு மேல் ஆனால் யாரும் எழுத மாட்டார்கள்.

போனிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று இளைய ஆசிரியர்கள் கேட்பார்கள். போனில் வைத்தது போனோடு மாறுதலாகிப் போகும். நோட்டு மேசை மேல் கிடக்கும்.

ஜூனில் புது ஆசிரியர் சேரும்போது பாடப்புத்தகத்தோடு இந்த ஏட்டையும் கையில் கொடுங்கள். அவருடைய வகுப்புக்கான பக்கங்களைப் படித்துவிட்டு ஒரு கேள்வியாவது கேட்கச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. ஏணி போன்ற ஒரு வரிசையில் உள்ள அட்டைகளை ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் முடித்துப் போகும் செயல்வழிக் கற்றல் முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியபோது, ஆசிரியர்கள் ஆந்திராவின் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அட்டைகளை உருவாக்கினார்கள். எந்த அட்டை ஏணியில் எங்கே வர வேண்டும் என்று சண்டை போட்டவர்களுக்கு அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியும். 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் போனபோது எங்களுக்கு அட்டைகள் அச்சாகி வந்து சேர்ந்தன, நல்ல அட்டைகள்தான். ஆனால் அந்தச் சண்டை எங்களுக்கு வந்து சேரவில்லை. அட்டையை வரிசைப்படி கொடுத்தோம், வரிசையின் காரணம் தெரியாமல். அதனால்தான் அடுத்த பள்ளியின் ஏட்டை நகலெடுத்து உங்கள் பள்ளியில் வைப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. படியுங்கள், ஆனால் உங்கள் பக்கத்தை நீங்களே எழுதுங்கள்.

பெற்றோரும் பிள்ளைகளும்

பள்ளி மேலாண்மைக் குழு சட்டப்படி இருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அவர்கள் பொறுப்பு. நடப்பில் கூட்டம் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் என்று சுற்றிவரும். அவையெல்லாம் வேண்டாமென்று சொல்லவில்லை. கழிப்பறை சரியில்லையென்றால் ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளை மாதத்தில் சில நாள் வரவே மாட்டாள், அப்புறம் என்ன கற்றல்? ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் பத்து நிமிடம் படிப்புக்கு ஒதுக்குங்கள். சதவீதம் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளையின் ஜூன் மாத நோட்டுப் பக்கத்தையும் நவம்பர் மாதப் பக்கத்தையும் பெயர் மறைத்துப் பக்கத்தில் பக்கம் வையுங்கள். நூறு நாள் வேலையிலிருந்து நேரே வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் அது புரியும். ‘இது எப்படி ஆச்சு?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஆசிரியர் பதில் சொல்லட்டும், நீங்கள் இல்லை.

பிள்ளைகளிடமும் கேளுங்கள். மாதம் ஒருமுறை ஒரு துண்டுச் சீட்டு, பெயர் வேண்டாம், இரண்டு வரி: இந்த வாரம் எது புரிந்தது, எது புரிந்த மாதிரி நடித்தேன். இரண்டாவது கேள்வியைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். பதில் உண்மையாக இருக்கும்.

யார் குறுக்கே வருவார்கள்?

ஓய்வுபெற மூன்று வருடம் இருக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர், ‘இதெல்லாம் நிறையப் பாத்தாச்சு சார்’ என்பார். அவர் சொல்வது சரி. இதுவரை அவர் பார்த்த திட்டங்களை எண்ணினாலே ஒரு பக்கம் வரும். அவரை மாற்ற முயற்சி செய்யாதீர்கள். கையெழுத்துப் பயிற்சியிலோ வாய்பாட்டிலோ அவருக்கென்று ஒரு வித்தை இருக்கும், அதை ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ‘எழுதுறதெல்லாம் நமக்கு ஒத்துவராது’ என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்து நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்.

அடுத்த இடைஞ்சல் நீங்களேதான். இது கொஞ்சம் நன்றாகப் போகத் தொடங்கியதும் வட்டாரத்தில் பெயர் வரும், ‘உங்க பள்ளியில செய்றத ஒரு அறிக்கையா குடுங்க’ என்பார்கள். அறிக்கைக்காகச் செய்யத் தொடங்கிய அன்று அது முடிந்துவிட்டது. கொடுங்கள், ஒரு பக்கம் மட்டும்.

ஈராசிரியர் பள்ளியில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன பலதும் நடக்காது. ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். அங்கே நோட்டு மட்டும் போதும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போது இரண்டு நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து வந்தவரோடு தேநீர் இடைவேளையில் அதைப் பிரித்து வையுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது, மேடையில் கேட்டதைவிட அதிகம்.

ஒரு வருடம் கழித்துத் தேர்ச்சி எவ்வளவு கூடியது என்று பார்க்காதீர்கள், அது பல காரணங்களால் ஏறும் இறங்கும். ஓய்வறைப் பேச்சைக் கவனியுங்கள். ‘அவன் படிக்க மாட்டேங்கிறான்’ என்பது குறைந்து ‘அவன் இங்க மாட்டிக்கிறான்’ என்பது கூடியிருக்கிறதா? கேட்காமலே ஒருவர் இன்னொருவர் வகுப்பு வாசலில் நிற்கிறாரா? நீங்கள் விடுப்பில் இருந்த புதன்கிழமையும் நோட்டுக் கூட்டம் நடந்ததா? மூன்றாவதற்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்த நாளில் நான் யாருக்கும் சொல்லாமல் கடையில் ஒரு காபி சாப்பிட்டேன்.

பிறகு உங்களுக்கே மாறுதல் வரும். சாவிக்கொத்து, ரொக்கப் புத்தகம், எமிஸ் கடவுச்சொல் என்று ஒப்படைப்புப் பட்டியல் எழுதும்போது அந்த ஏட்டையும் ஒரு வரியாகச் சேருங்கள்: நீள நோட்டு ஒன்று, எழுதிய பக்கங்கள் இத்தனை. புதிதாக வருபவர் அதற்கும் கையெழுத்துப் போடட்டும்.